அருவிச் சத்தத்தோடு ஓர் உலக மாநாடு

அந்த மின்னஞ்சல் வந்த நேரத்தில் என் கடையில் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தென்காசிப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கடை. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, ஜெராக்ஸ், கலர் பிரிண்ட், லேமினேஷன் இவைதான் என் பிழைப்பு. முதலில் நின்ற பெரியவருக்கு வருமானச் சான்று அச்செடுத்துத் தர வேண்டும். அதைத் திறக்கப் போகும்போது திரையின் மூலையில் ஒரு மின்னஞ்சல் எட்டிப் பார்த்தது. ‘தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன்’ என்ற அளவில் ஆங்கிலத்தில் பாதி வரி.

திறந்து படித்தேன். மறுபடியும் படித்தேன். ஐரோப்பாவில் நடக்கப் போகும், இணையத்தை யார் எப்படி ஆளுவது என்று பேசும் சர்வதேச மாநாட்டுக்கு, உலகம் முழுவதிலிருந்தும் புதியவர்கள் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. போக்குவரத்தும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. ஓர் அமர்வில் இரண்டு நிமிடம் பேசவும் வேண்டும். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பிரிண்ட் பொத்தானை அழுத்தினேன். வந்த தாளை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மதியத்துக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டார்.

“ஏம்மா, தாலுகா ஆபீஸ்ல இத வாங்க மாட்டேங்காவ. என்னைய ஏதோ வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருக்குன்னு சொல்லுதாவ. எனக்கு பாஸ்போர்ட்டே கெடையாதே.”

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருமானச் சான்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, “அது எனக்கு வந்ததுங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லபடியா போய்ட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை முதலில் வாழ்த்தியவர் அவர்தான்.

இதெல்லாம் ஆரம்பித்தது குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவரால். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். என் கணவர் வயரிங் வேலை செய்பவர். இலத்தூரில் அவர்கள் குடும்பத்துக்கு வயல் உண்டு, அதை அவருடைய அண்ணன் பார்க்கிறார். குற்றாலத்து லாட்ஜுகள் பலவற்றில் மின்சார வேலை இவருடையது. அப்படித்தான் அண்ணாச்சி எங்களுக்குப் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் கடைக்கு வந்து, தன் லாட்ஜுக்கு ஒரு இணைய முகவரி வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அது முழுக்கத் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும்.

“நம்ம போர்டு தமிழ்ல இருக்கு. பில்லு தமிழ்ல இருக்கு. இது மட்டும் எதுக்கு இங்கிலீஷ்ல இருக்கணும்?” என்றார்.

தமிழ் எழுத்தில் முகவரி வாங்க முடியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தேன். புள்ளிக்குப் பின்னால் வரும் அதன் வால்கூடத் தமிழ். அதோடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் தமிழிலேயே அமைந்துவிட்டது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. லாட்ஜ் வாசலில் பெரிய பெயர்ப்பலகை எழுதி மாட்டினார். பிறகுதான் சங்கடம் தொடங்கியது. லாட்ஜைப் பதிவு செய்துகொள்ளும் தளங்களில் அந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எல்லாத் தளமும் ஒன்றுபோலச் சிவப்பு எழுத்தில் ஒரே பதிலைச் சொன்னது: ‘சரியான முகவரியைக் கொடுக்கவும்.’

அண்ணாச்சி என் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். “சரியான முகவரின்னா என்ன அர்த்தம்? எங்க அப்பா பேர்ல லாட்ஜ் நடத்துதேன். எங்க அப்பா பேரு சரியில்லைன்னு சொல்லுதானா?” என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

எனக்கு அந்தக் கேள்வி வீட்டுக்குப் போயும் ஓயவில்லை. ஏன் இப்படி என்று தேடத் தொடங்கினேன். ஒன்றிலிருந்து ஒன்றாக எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு விஷயம் புரிந்தது. இணையத்துக்கு ஒரே ஒரு முதலாளி கிடையாது. அரசாங்கங்கள், கம்பெனிகள், பொறியாளர்கள், என்னைப் போன்ற வெறும் ஆட்கள் எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அது எப்படி நடக்க வேண்டும் என்று வருஷா வருஷம் பேசுகிறார்கள். அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது, இணைய ஆளுகை என்று. அதுவரைக்கும் இணையத்தை நடத்துவது தபால் ஆபீசுக்குப் பின்னால் நிற்கும் டவர்தான் என்ற அளவில்தான் என் அறிவு இருந்தது. இலவசமாக ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்ததும் மாநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விண்ணப்பித்தேன். ஊராருக்கெல்லாம் நாள் முழுக்க விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள், எனக்காகப் போட்டது அது ஒன்றுதான்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்டர்நெட்ட ஆளுறதுக்கு உன்னையக் கூப்பிட்டிருக்காவளா?”

“ஆளுறதப் பத்திப் பேசுறதுக்கு.”

“வீட்ட ஆளுறது பத்தாதுன்னு இது வேறயா” என்றார். அதற்குப் பிறகு கை கழுவக்கூட எழுந்திருக்காமல், எந்த ஊர், என்ன குளிர், எந்த விமானம் என்று எச்சில் கையோடு கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் அவர் வேலைக்குப் போன இடத்திலெல்லாம் செய்தி பரவிவிட்டது. ‘இன்டர்நெட் கவர்னன்ஸ்’ என்று இவர் சொன்னது பாதி பேர் காதில் ‘கவர்னர்’ என்று விழுந்திருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர் எனக்கு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் ஒதுங்கி நின்று, “எந்த ஸ்டேட்டுக்கும்மா போட்டிருக்காவ?” என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “எதுவா இருந்தாலும் நம்ம ஊர மறந்துராதீங்க” என்றார்.

அடுத்து ஸ்வெட்டர். தென்காசியில் வைகாசி மாதத்தில் ஸ்வெட்டர் கேட்டுப் போனால் துணிக்கடைக்காரர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஒரு கடையில் பரண் மேலிருந்து ஒன்றை இறக்கிக் கொடுத்தார்கள். கரும்பச்சை நிறம், அந்துருண்டை வாசனை. ரோட்டில் வெயில் கொளுத்தியது. கடைக்காரர் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுப் பார்த்தேன். வியர்த்து வழிந்தபடியே கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தேன்.

என் சிநேகிதி சுரண்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பேச்சை அவளும் நானும் சேர்ந்து எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். குக்கர் முதல் விசில் அடித்ததும் நான் தொடங்க வேண்டும், அடுத்த விசிலுக்குள் முடிக்க வேண்டும். பாதி நாள் நான் ‘மரியாதைக்குரிய’ என்று தொடங்குவதற்குள் அடுத்த விசில் வந்துவிடும்.

“ஏட்டி, வணக்கத்துலயே பருப்பு வெந்துரும் போல. நேரே விஷயத்துக்கு வா” என்பாள்.

இப்படி எல்லாம் தயாராக இருந்தபோது விசா வரவில்லை. சென்னைக்குப் போய் விரல் ரேகை எல்லாம் கொடுத்துவிட்டு வந்து காத்திருந்தேன். மாநாட்டுக்குச் சில நாள் இருக்கும்போது கூரியரில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, கூடவே ஒரு தாள். மாநாடு முடிந்ததும் நான் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவேன் என்பதில் தங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

என் கணவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தமிழில் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“சீசன் தொடங்கப் போற நேரத்துல குத்தாலத்த விட்டுட்டு யாராவது அங்கனயே இருந்துருவாவளா? இது தெரியாதா அவுங்களுக்கு?”

அழுதுகொண்டிருந்த நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஆனாலும் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. மாநாட்டுக்காரர்களுக்கு மட்டும் நடந்ததை எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், நீங்கள் ஆன்லைன் மூலம் கலந்துகொண்டு பேசலாம். உங்கள் ஊரில் பத்துப் பேரையாவது ஒரே இடத்தில் சேர்த்தால் அதை மாநாட்டின் தொலைதூர மையம் என்றே பதிவு செய்துகொள்வோம், பெரிய திரையில் உங்கள் ஊர்ப் பெயரும் தெரியும் என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டுக் குற்றாலத்திலிருந்து போன் பண்ணினார். “தங்கச்சி, அவுங்க உள்ள விடலைன்னா என்ன? மாநாட்ட நாம இங்கன வச்சுக்கிடுவோம். மாடி ஹால் சும்மாதான் கெடக்கு” என்றார்.

என் வருத்தம் அந்த போனோடு போனது. அடுத்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வருடம் சாரல் சரியான நேரத்தில் வந்தது. அண்ணாச்சியின் லாட்ஜ் மெயின் அருவிக்குப் போகும் வழியில், பால்கனியில் நின்றால் அருவியின் மேல்பாதி தெரிகிற இடத்தில் இருக்கிறது. மாடி ஹாலில் சாதாரணமாக மொத்தமாக வரும் டூர் ஆட்கள் பாய் விரித்துப் படுப்பார்கள். நாங்கள் போனபோது ஈரத்துண்டு வாசனையும் எண்ணெய் வாசனையும் இருந்தன. சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, புரொஜக்டர் போட்டோம். சிநேகிதி தன் மாணவிகள் பத்துப் பேரைச் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்திருந்தாள். என் கணவர் கீழே அலுவலக அறையிலிருந்து மாடிக்கு இணைய வயர் இழுத்தார். மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய அடையாள அட்டையை எல்லாருக்கும் கலரில் அச்செடுத்து, லேமினேஷன் செய்து, கயிறு கோத்துக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு அட்டையிலும் நீங்கள் யார் என்று ஒரு வகை போட வேண்டும்: அரசு, தொழில்துறை, பொறியாளர், பொதுமக்கள் என்று. அண்ணாச்சியின் அட்டையில் ‘தொழில்துறை’ என்று போட்டேன். அவர் அதை மாட்டிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் கடைத்தெருவரை ஒரு நடை போய்விட்டு வந்தார்.

என் கணவர் தன் அட்டையைப் பார்த்துவிட்டு, “என்னைய எதுக்குப் பொறியாளர்னு போட்டிருக்க?” என்று கேட்டார்.

“வயர் இழுத்திய இல்ல?”

அவர் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு வெளியே எடுத்துவிட்டார்.

அங்கே காலை என்றால் நமக்கு மதியம். சரியான நேரத்துக்கு இணைப்பைத் திறந்தேன். படுக்கை விரிப்பில் ஒரு பிரம்மாண்டமான கூடம் விரிந்தது. வட்ட வட்டமாக மேஜைகள், ஒவ்வொரு காதிலும் ஒரு கருவி, எத்தனையோ நாட்டு முகங்கள். ஒருவர் எழுந்து கடலுக்கு அடியில் ஓடும் கேபிள்களைப் பற்றிப் பேசினார். கண்டம் விட்டுக் கண்டம் போகும் செய்தியில் பெரும்பகுதி அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது என்றார். கப்பல் நங்கூரம் பட்டு அறுந்தால் எப்படி ஒட்டுப் போடுவார்கள் என்று படம் காட்டினார். சிநேகிதி மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்போ நம்ம மெசேஜ் எல்லாம் மேல டவர்ல பறக்கல? கடலுக்கு அடியிலயா போவுது?”

“ஆமா அண்ணாச்சி.”

“தண்ணிக்குள்ள கரண்டு வயரு. இவரு நேர்ல பாத்தா மயங்கிருவாரு” என்று என் கணவரைக் காட்டினார்.

நாங்கள் எல்லாரும் அதில் ஆழ்ந்து போயிருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு மாணவி கையைத் தூக்கி, “அக்கா, நம்ம செஷன் மொழிகளப் பத்தினதுதான? ஏன் இன்னும் கேபிளே ஓடுது?” என்று கேட்டாள். நான் வேறு ஒரு கூடத்தின் இணைப்பைத் திறந்திருந்தேன். அவசர அவசரமாக அதை மூடிவிட்டுச் சரியான கூடத்துக்குள் நுழைந்தபோது, அங்கே கூட்டம் பாதி நடந்திருந்தது. எனக்கு முன்னால் பேச வேண்டியவர் பேசிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் ‘குற்றாலம், இந்தியா’ என்று தோன்றியது. மாணவிகள் கத்திவிட்டார்கள். நல்லவேளை, எங்கள் மைக் அணைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பால்கனியில் குரங்குகள் வந்தன. என் கணவர் இழுத்த வயரில் பால்கனியோரம் ஒரு ஒட்டு இருந்தது. ஒரு குரங்கு அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. படம் உறைந்து நின்றது. இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். விரட்டிவிட்டு, ஒட்டைப் பிடித்து அழுத்தியதும் படம் திரும்ப அசைந்தது. கையை எடுத்தால் நின்றது. ஆகவே அவர் ஒரு கையில் குடையும் மறு கையில் வயருமாகச் சாரலில் அங்கேயே நின்றுவிட்டார். ஜன்னல் திட்டில் அவருடைய தக்காளி சாதப் பொட்டலம் இருந்தது. விரட்டப்பட்ட குரங்கு நிதானமாகத் திரும்பி வந்து, அதை எடுத்து, அவர் முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டது. “நீ பேசு, நீ பேசு. நான் பாத்துக்கிடுதேன்” என்றார் எனக்கு.

கூட்டத்தை நடத்திய பெண்மணி என் பெயரை மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் கவனமாக உச்சரித்துக் கூப்பிட்டார். திரை முழுவதும் என் முகம். அந்தக் கரும்பச்சை ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தேன். சாரல் காற்றில் அது நிஜமாகவே தேவைப்பட்டது. வாயைத் திறந்தேன். குக்கர் விசிலுக்கு மனப்பாடம் செய்த ஆங்கிலம் ஒரு சொல்கூட வரவில்லை. “எல்லாருக்கும் வணக்கம். நாங்க குத்தாலத்துல இருந்து பேசுதோம்” என்று தமிழில் ஆரம்பித்துவிட்டேன்.

அங்கே பேசுபவர்களின் சொற்கள் உடனுக்குடன் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். என் வாக்கியத்துக்குக் கீழே அது இப்படி எழுதியது: ‘அறியப்படாத மொழியில் பேசுகிறார்.’

சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி, “என்ன போட்டிருக்கு? என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். ஒரு மாணவி சொன்னாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அது ஏனோ எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. பயம் போய்விட்டது. எழுதி வைத்திருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு வந்த ஆங்கிலத்தில் பேசினேன். நான் பேசியது தமிழ். கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி. இங்கே இதே ஹாலில் பதின்மூன்று பேருக்கு அது நன்றாகத் தெரியும், பால்கனியில் இன்னொருவருக்கும் தெரியும், உங்கள் திரைக்கு மட்டும்தான் தெரியவில்லை என்றேன். அந்தக் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பிறகு அண்ணாச்சியின் கதையைச் சொன்னேன். தன் அப்பா பெயரில் லாட்ஜ் நடத்தும் ஒருவர், அந்தப் பெயரைத் தன் எழுத்தில் எழுதினால், சரியான முகவரியைக் கொடு என்று இணையம் சொல்கிறது. அவர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் உங்களிடம் கேட்கிறேன், என் அப்பா பெயர் சரியில்லையா? இவ்வளவுதான் பேசினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா என்றுகூடத் தெரியாது.

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எத்தியோப்பியாவிலிருந்து வந்தவள். “எங்கள் எழுத்துக்கும் இதே சிவப்புப் பதில்தான். என் அப்பா பெயரும் சரியில்லையாம்” என்றாள். இணையத்தின் விதிமுறைகளை எழுதும் குழுவில் வேலை செய்யும் ஒருவர் பதில் சொன்னார். விதிப்படி எந்த எழுத்திலும் முகவரி இருக்கலாம், அது பல வருடமாக அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் ஒவ்வொரு தளமும் முகவரியைச் சோதிக்க வைத்திருக்கும் பழைய நிரலை அந்தந்தத் தளத்துக்காரர்கள் மாற்றினால்தான் உண்டு, அதற்குத்தான் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்றார். பொறுமையாகவும் மரியாதையாகவும் சொன்னார். சிநேகிதி அதை மொழிபெயர்த்தாள்.

“அப்போ முதலாளி உள்ள விடச் சொல்லிட்டாரு. வாசல்ல நிக்குற வாட்ச்மேனுக்குத்தான் யாரும் சொல்லல” என்றார் அண்ணாச்சி. சிநேகிதி அதை அப்படியே ஆங்கிலத்தில் மைக்கில் சொல்லிவிட்டாள். அந்த நிபுணர் குனிந்து அதை எழுதிக்கொண்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

கூட்டத்தை நடத்திய பெண்மணி அடுத்தவரைக் கூப்பிடப் போய், நிறுத்தி, “ஒரு சின்ன விஷயம். உங்கள் பக்கத்திலிருந்து இடைவிடாமல் ஓர் இரைச்சல் வருகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இணைப்பில் ஏதோ கோளாறு என்கிறார்கள்” என்றார்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. எந்த இரைச்சல் என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாணவிகளில் ஒருத்திக்குத்தான் உறைத்தது. “அக்கா, அருவி.”

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். சாரலுக்கு நடுவே, மலையிலிருந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்த அருவியை அவர்களுக்குக் காட்டினேன். ஓரத்தில் என் கணவர் குடையோடும் வயரோடும் நின்றார். கேமரா தன் பக்கம் வந்ததும் வயரைப் பிடித்திருந்த கையால் ஒரு வணக்கம் வைக்கப் பார்த்தார். படம் நின்றுபோனது. திரும்ப வந்தபோது அந்தக் கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமர்வு முடிந்ததும் எங்களை யாராலும் கட்டிப்போட முடியவில்லை. பன்னிரண்டு பெண்களும் நேரே அருவிக்குப் போனோம். பெண்கள் பகுதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசில் ஊதி ஊதி எங்களை நகர்த்தினார். அவர் கண் என் கழுத்துக்குப் போனது. “இது என்ன அட்டை? எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார். அட்டையைக் கழற்ற மறந்தே போயிருந்தேன். சர்வதேச மாநாடு என்று சொல்வதற்குள் சிநேகிதி என்னைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டாள். குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழும்போது யோசனை எதுவும் மிஞ்சாது. நான் கத்தினேன், அவள் கத்தினாள், மாணவிகள் கைகோத்துக்கொண்டு கத்தினார்கள். யார் என்ன சொன்னோம் என்று யாருக்கும் கேட்கவில்லை. நனைந்த துணியோடு, பரோட்டாவுக்குப் பேர்போன பிரானூர் பார்டருக்குப் போய் எல்லாரும் சாப்பிட்டோம். தக்காளி சாதத்தைப் பறிகொடுத்தவர் எத்தனை சாப்பிட்டார் என்று நான் எண்ணவில்லை.

மாநாடு முடியும்வரை மாணவிகள் தினமும் சுரண்டையிலிருந்து வந்தார்கள். நான் காலையில் கடையைப் பார்த்துவிட்டு மதியம் குற்றாலத்துக்குப் போய்விடுவேன். கடைசி நாள் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அண்ணாச்சி தலையைப் படிய வாரி, நெற்றியில் திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில் வந்து முன்னால் உட்கார்ந்தார்.

“நான் பேசணும். நீங்க மாத்திச் சொல்லுங்க” என்று சிநேகிதியிடம் சொன்னார்.

மைக்கைத் திறந்தோம். அவர் யாருக்கும் பயப்படவில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா உங்களப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எல்லாரும் நல்லாப் பேசுதிய. ஆனா காலையில இருந்து ஒரே ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, மொகமெல்லாம் வாடிப்போய் இருக்கிய. நேத்து ரெண்டு நாட்டுக்காரங்க சண்டைக்கே போய்ட்டாங்க. அடுத்த கூட்டத்தக் குத்தாலத்துல வைங்க. சீசன்ல வைங்க. காலையில குளிச்சிட்டு வந்து உக்காந்தா ஒரு சண்டையும் வராது. தங்குறதுக்கு நான் பொறுப்பு.”

சிநேகிதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். மேடையிலிருந்த தலைவர் வயதானவர், நாள் முழுக்க முகத்தில் ஒரு சலனமும் காட்டாதவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுத்த மாநாட்டை நடத்த இதுவரை வந்த அழைப்புகளிலேயே இதில்தான் காரணம் தெளிவாக இருக்கிறது. குறிப்பில் சேர்த்துக்கொள்கிறோம்” என்றார். கூடமே கைதட்டியது. அண்ணாச்சி எழுந்து நின்று, படுக்கை விரிப்பைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாநாட்டை யாரும் குற்றாலத்துக்கு மாற்றிவிடவில்லை. அண்ணாச்சியின் முகவரியை ஏற்காத தளங்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் ஏற்பதில்லை. ஒரே ஒரு தளம், எங்கள் அமர்வுக்குப் பிறகு அங்கே வேலை செய்யும் ஒருவர் எனக்கு எழுதி விவரம் கேட்டு, மழைக்காலம் முடிவதற்குள் மாற்றிக் கொடுத்தது. சிவப்பு எழுத்து வர வேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு டிக் வந்தது. அதை நான் படம் பிடித்து, அந்த எத்தியோப்பியப் பெண் உட்பட எல்லாருக்கும் அனுப்பினேன். சிநேகிதி தன் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினாளாம்.

அது நடந்து சில வாரத்தில் ஒரு நாள் அண்ணாச்சி பஸ் பிடித்துத் தென்காசிக்கு வந்தார். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நேரில் காட்ட வேண்டும் என்று வந்திருந்தார். கடையில் நின்றவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு வந்து, போனை என் முன்னால் நீட்டினார். அவருடைய தமிழ் முகவரிக்கு, வெளியாள் ஒருவரிடமிருந்து, முதன்முதலாக ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலிருந்து, மாநாட்டில் எழுந்து பேசிய அந்தப் பெண். இந்த முகவரி வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதுகிறேன், வேலை செய்தால் இன்னொரு கேள்வியும் உண்டு, உங்கள் ஊருக்கு எந்த மாதம் வந்தால் நல்லது என்று கேட்டிருந்தாள்.

நான் படித்துச் சொன்னேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். வரிசையில் நின்ற ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அவசரப்படவில்லை.

“என்ன பதில் போட அண்ணாச்சி?”

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“ஆனியில சாரல் பிடிச்சிரும், ஆடியில தண்ணி நல்லா விழும், பிள்ளையளயும் கூட்டிட்டு வாங்கன்னு போடும்மா. தமிழ்லயே போடு. அந்தப் பிள்ள எப்படியும் படிச்சிரும்.”